குறுக்கே போட முடியாத செயின்

1. சூடு இருக்கும் இடம்

எனக்குக் குளிர் ஆகாது. இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே, மேகம் வாசலில் நின்று கேட்காமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற தோட்டத்தில் பிறந்தவன் இப்படிச் சொல்வது, தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மீன் சொல்வதைப் போலத்தான். ஆனாலும் உண்மை அதுதான். கவ்வாத்து வெட்டும் ஆட்களோடு நான் வேலை செய்த காலத்தில், ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டுக்கு எனக்கு முன்பே என் பல் அடிக்கிற சத்தம் வந்து சேர்ந்துவிடும் என்று கங்காணி சொல்வார். நான் கத்தியைப் பிடித்தால் தேயிலைச் செடி வெட்டுப்படுமோ இல்லையோ, என் நடுக்கத்தைப் பார்த்துப் பக்கத்துச் செடிக்காரர் நாலு செடி தள்ளிப் போய்விடுவார்.

தோட்டம் முழுவதிலும் சூடான இடம் ஒன்றே ஒன்று. பெக்டரியில் தேயிலை காயவைக்கும் டிரையர். அதன் சுவரை ஒட்டித்தான் வேர்க்ஷாப் இருந்தது. ஆகவே உதவி ஃபிட்டர் வேலை காலியானபோது நான் முதல் ஆளாகப் போய் நின்றதற்குக் காரணம் இரும்பின் மேல் இருந்த ஆசை இல்லை. சுவரின் மேல் இருந்த ஆசை.

பெக்டரிக்குப் பெரியவர் டீமேக்கர் ஐயா. அவர்தான் என்னை விசாரித்தார்.

"அரம் பிடிக்கத் தெரியுமா?"

"தெரியுங்கய்யா."

"எங்க பிடிச்ச?"

"கவ்வாத்துக் கத்தி தீட்டியிருக்கேங்க."

"அது அரம் இல்லடா, சாணக்கல்லு."

"ரெண்டும் சொரசொரப்புத்தானுங்களே."

அவர் சிரித்துவிட்டார். சிரித்த மனிதரால் திரும்பிப் போகச் சொல்ல முடியாது அல்லவா. "சரி, வந்து நில்லு. தொர பாத்து ஒத்துக்கிட்டா வேல நிரந்தரம். இல்லாட்டி மறுபடி மலைதான்" என்றார்.

வேர்க்ஷாப்பில் நான் படித்த முதல் பாடத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம். அந்தக் காலத்துத் தேயிலை பெக்டரியில் கூரைக்குக் கீழே நீளமாக ஓர் இரும்புத் தண்டு, ஷாப்ட், ஓடும். கொழுந்து உருட்டும் ரோலர், சல்லடை மிஷின், இரும்பு கடையும் எங்கள் லேத்து, எல்லாமே அந்த ஒரே ஷாப்டிலிருந்து தோல் பெல்ட்டில்தான் சுற்றும். ஏதாவது ஒன்று தப்பான பக்கம் சுற்றினால் யாரும் யோசிக்க மாட்டார்கள். பெல்ட்டைக் கழற்றி, எட்டுப் போல ஒரு முறுக்கு முறுக்கிக் குறுக்கே போட்டுவிட்டால் மிஷின் மறுபக்கம் சுற்றும். டீமேக்கர் ஐயா தூக்கத்தில் கேட்டாலும் "குறுக்க போடு" என்பார். அதனால் ஒரு பொருள் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது எங்களுக்கு ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

2. இங்கிலாந்திலிருந்து வந்த ஓட்டக்காரன்

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் வெள்ளைக்காரத் துரை, துரைசாணியின் காய்கறிப் பாத்திகளை உழுவதற்காகக் கப்பலில் ஒரு தோட்டத்து டிராக்டர் வரவழைத்தார். டிராக்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு சக்கரம், நடுவில் ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு பெட்ரோல் இன்ஜின், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கைப்பிடி. மனிதன் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும்.

அது சமதரை நாட்டுக்குச் செய்த மிஷின். எங்கள் ஊரில் சமதரை என்று இருந்தது துரையின் சாப்பாட்டு மேசை மட்டும்தான். பங்களாத் தோட்டக்காரர் முனியாண்டி அண்ணன் முதல் நாள் அதை ஓட்டினார். சரியாகச் சொன்னால், அது அவரை ஓட்டியது. காரட் பாத்தி முடிகிற இடத்தில் அவர் கையை விட்டார். மிஷின் முட்டைக்கோவாப் பாத்தியைத் தாண்டி, வேலியைத் தாண்டி, தேயிலைக்குள் போய் மழைத்தண்ணீர் வடியும் கானில் குப்புற விழுந்து அங்கேயும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"முனியாண்டி, நீ ஏன் விட்டது?" என்று துரை கேட்டார்.

"நான் விடலீங்க தொர. அதுதான் என்னைய விட்டுட்டுப் போயிருச்சு."

அன்று மாலையே துரை வேர்க்ஷாப்புக்கு வந்துவிட்டார். கம்பெனி சார்பில் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கும் பெரிய துரை, வி.ஏ. என்பார்கள், அந்த மாதக் கடைசியில் வரப்போகிறார். அவரிடம் மிஷினைக் காட்ட வேண்டும்.

"இது ரொம்ப ஓடுது. மெதுவா போக செய்ய முடியுமா?"

டீமேக்கர் ஐயா வாயைத் திறப்பதற்குள் நான், "முடியுங்க தொர" என்றேன்.

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லது. செஞ்சா நீ ஃபிட்டர். செய்யல்லேன்னா மறுநாள் கவ்வாத்து."

அவர் போனதும் டீமேக்கர் ஐயா கேட்டார், "எப்படிடா செய்யப்போற?"

"அத நீங்கதான் சொல்லணுங்கய்யா."

3. அரத்தில் செய்த உளி

யோசனை நல்ல யோசனைதான். இன்ஜினிலிருந்து ஒரு செயின் நேரே சக்கரத்து அச்சுக்குப் போனது. நடுவில் ஒரு துண்டு ஷாப்ட் போட்டு, ஒரு சின்னக் கியரையும் ஒரு பெரிய கியரையும் பல்லோடு பல் சேர்த்து வைத்தால் வேகம் குறையும். கழித்துப் போட்ட ஒரு பழைய ரோலரில் இரண்டு கியரும் கிடைத்தன.

வெட்டத்தான் ஆயுதம் இல்லை. இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு உடைந்தால் இரண்டு துண்டையும் திருப்பிக் கொடுத்தால்தான் புதுசு தருவேன் என்பது டீமேக்கர் ஐயாவின் சட்டம். நான் ஒரு நாள் மூன்று துண்டு கொண்டுபோய் வைத்தேன். மூன்றையும் மேசையில் சேர்த்து வைத்துப் பார்த்தவர், "பிளேடு தந்தது நானு. இந்த மூணாவது துண்டு யாரு தந்தது?" என்றார்.

பெரிய கியரின் துளையை லேத்தில் போட்டுப் பெரிதாக்க வேண்டியிருந்தது. லேத்துக்கு உளி இல்லாததால் பழைய அரம் ஒன்றை டிரையர் அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து நானே செய்தேன். முதல் உளி கியரைத் தொட்டதும் கண்ணாடி மாதிரி உடைந்தது. ஒரு துண்டு பறந்து டீமேக்கர் ஐயாவின் தொப்பியில் குத்திக்கொண்டு நின்றது. விறைப்பு அதிகமாகிவிட்டது என்று, இரண்டாவதைத் தண்ணீரில் தோய்த்த பிறகு மறுபடி தணலில் அதிக நேரம் வாட்டினேன். அது வாழைத்தண்டு மாதிரி வளைந்தது. மூன்றாவது உளி வெட்ட ஆரம்பித்த நேரம் பார்த்து பெக்டரியை நிறுத்திவிட்டார்கள். பெக்டரி நின்றால் எங்கள் லேத்தும் நிற்கும். மறுநாள் கொழுந்து வந்த பிறகுதான் மீதித் துளை.

கியர் வழுக்காமல் இருக்கச் செருகும் சாவித் துண்டுக்கு ஷாப்டில் காடி வெட்ட லேத்து உதவாது. சிசெலும் சுத்தியலும்தான். இரண்டு காடி வெட்டினேன். ஒன்று ஷாப்டில், ஒன்று என் கட்டைவிரலில்.

எல்லாம் பூட்டி, மிஷினை மரக்கட்டை மேல் தூக்கி வைத்து இன்ஜினை உசுப்பினோம். சக்கரம் பெருமாள் கோயில் தேர் மாதிரி நிதானமாகச் சுற்றியது. டீமேக்கர் ஐயா கைகட்டி நின்று பார்த்தார். "அழகா சுத்துதுடா" என்றார். நானும் அழகைத்தான் பார்த்தேன். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.

4. வி.ஏ. வந்த நாள்

பங்களாப் புல்வெளியில் மேசை போட்டு, துரையும் துரைசாணியும் வி.ஏ.யும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு முதுகைக் காட்டியபடி முனியாண்டி அண்ணன் கைப்பிடியைப் பிடித்து நின்றார். அன்றைக்கென்று துரை கொடுத்த பழைய கோட்டு போட்டிருந்தார்.

நான் அவர் காதருகே போய்ச் சொன்னேன்: "அண்ணே, இப்ப மெதுவாத்தான் போகும். ஆனா என்ன ஆனாலும் கைப்பிடிய விட்டுறாதீங்க. விட்டீங்கன்னா எனக்கு மறுபடி மலைதான்."

"ரோதமுனிக்குத் தேங்கா ஒடச்சியா?" என்று அவர் கேட்டார். ரோதமுனி பெக்டரியைக் காக்கிற சாமி.

"வேல முடிஞ்சதும் ஒடைக்கிறேண்ணே."

"சாமிக்கே கடன் சொல்றியாடா" என்று சொல்லிக்கொண்டே கிளச்சை விட்டார்.

மிஷின் நிதானமாக, மரியாதையாக, பின்பக்கமாக நகர்ந்தது.

முனியாண்டி அண்ணன் ஓர் அடி பின்னால் வைத்தார். மிஷினும் வைத்தது. கோயிலில் சாமிக்கு முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்து போகிறவரைப் போல, கைப்பிடியை விடாமல், அவர் மேசையை நோக்கிப் போனார். நான் "விடுங்கண்ணே" என்று கத்தினேன்.

"விடாதன்னு நீதானேடா சொன்ன" என்றார் அவர், நடையை நிறுத்தாமல்.

நான் பாய்ந்து பெட்ரோல் குழாயை மூடினேன். மூடினாலும் கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும் வரை இன்ஜின் ஓடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வி.ஏ. கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து ஒதுங்கினார். துரைசாணி கேக்கை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். துரை எதையும் எடுக்காமல் ஒதுங்கினார். முனியாண்டி அண்ணன் வி.ஏ.யின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் இன்ஜின் நின்றது.

"ஃபிட்டர்," என்றார் துரை மெல்லமாக, "மிசினுக்கு வீட்டு ஞாபகம் வந்திச்சா?"

நான் குனிந்து மிஷினுக்கு அடியில் பார்த்தேன். "நாங்க பெக்டரி பாத்திட்டு வாறது. அதுக்குள்ள முன்னால போகணும். போகல்லேன்னா கத்தி எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வி.ஏ.யைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

புல்வெளி ஓரமாக நின்றிருந்த டீமேக்கர் ஐயா, பெக்டரியில் அவர்களை வரவேற்க ஓட வேண்டிய அவசரத்திலும் எனக்கு வழி சொன்னார்: "இதுக்கு ஏண்டா முழிக்கிற. குறுக்க போடு."

"ஐயா, இது பெல்ட் இல்லீங்க. செயின்."

அவர் செயினைப் பார்த்தார். கையால் காற்றில் ஓர் எட்டுப் போட்டுப் பார்த்தார். பிறகு பெக்டரிக்கு ஓடிவிட்டார்.

இரண்டு கியர் பல்லோடு பல் சேர்ந்தால் ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் சுற்றும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்றாவதாக ஒரு கியர் சேர்த்தால் சரியாகிவிடும். ஆனால் அதைச் செய்ய என் வேகத்துக்கு இன்னொரு மழைக்காலம் வேண்டும்.

நான் புல்லில் உட்கார்ந்து, கவ்வாத்து மலையில் அடிக்கப்போகும் காற்றை இப்போதே உடம்பில் உணர்ந்துகொண்டிருந்தேன். முனியாண்டி அண்ணன் என்னைத் தேற்ற வருவார் என்று திரும்பிப் பார்த்தால், அவர் மிஷினின் மூக்குப் பக்கம் போய் நின்று, சூடாக இருந்த சைலன்சரில் இரண்டு கையையும் காட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்.

"இங்கிட்டு வாடா. நல்ல கணகணப்பா இருக்கு" என்றார்.

சூடு என்றதும் என் கால் தானாக எழுந்து போய்விட்டது. நானும் அவர் பக்கத்தில் நின்று கையைக் காட்டினேன். அங்கே நின்றபடி மிஷினைப் பார்த்தேன். நாங்கள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால், அது பின்னால் வரவில்லை. எங்களை விட்டு முன்னால்தான் போகும்.

"அண்ணே, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க" என்றேன்.

"இந்தச் சூட்ட விட்டுட்டு எங்கடா போகப்போறேன்?"

கைப்பிடியின் போல்ட்டுகளைக் கழற்றி, அதை அப்படியே தூக்கி மறுபக்கம், முனியாண்டி அண்ணன் நின்ற பக்கம் வைத்தேன். துளை சேரவில்லை. கடைசி முழு ஆக்ஸா பிளேடால், போல்ட் போடும் இரும்புக் காதை வெட்டி, அரத்தால் ராவி, எப்படியோ பூட்டினேன். கிளச்சுக் கம்பி எட்டாத இடத்தைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டினேன். மிஷின் அப்படியே இருந்தது. எது முன்பக்கம் என்பதை மட்டும் மாற்றிவிட்டேன்.

துரையும் வி.ஏ.யும் திரும்பி வந்தபோது முனியாண்டி அண்ணன் கிளச்சை விட்டார். மிஷின் முன்னால் போனது. மெதுவாக, நேராக, காரட் பாத்தியின் ஓரம் வரை போய்த் திரும்பி வந்தது. ஒரே ஒரு வித்தியாசம், சைலன்சர் பைப் இப்போது ஓட்டுகிறவரின் வயிற்றுக்கு நேராக ஊதியது. முனியாண்டி அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சுகத்தை நான் அவர் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

வி.ஏ. ஏதோ கேட்டார். துரை எனக்குச் சொன்னார்: "பெரிய தொர கேக்குது. புகை ஏன் ஆள் பக்கம் வருது?"

"இந்த ஊருக் குளிருக்குங்க தொர. வேணும்னேதான் வச்சது."

வி.ஏ. கையுறையைக் கழற்றிவிட்டு, தாமே கைப்பிடியைப் பிடித்து ஒரு சுற்று நடந்தார். வந்து நின்றார். பிறகு யாரும் கேட்காமலே இன்னொரு சுற்றுப் போனார்.

துரை என்னைப் பார்த்து, "நீ ஃபிட்டர்" என்றார்.

5. நிரந்தரம்

அன்று மாலை ரோதமுனிக்கு ஒன்றுக்கு இரண்டாகத் தேங்காய் உடைத்தேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். மறுநாள் காலை துரை கூப்பிட்டு, "மிசின் ஒன் பொறுப்பு. பங்களாவுக்கு மேல தனி ஷெட் தாறேன். இனி அங்கதான் ஒனக்கு வேல" என்றார்.

மலை முகட்டில் அந்த ஷெட். மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் காற்று. கவ்வாத்து ஆட்களே அண்ணாந்து பார்த்து எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். டிரையர் சுவருக்குப் பக்கத்தில் என் இடத்துக்கு வந்த புதுப் பையன், நான் கீழே போகும்போதெல்லாம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தாங்க முடியலண்ணே" என்பான். அவனோடு நான் பேசுவதில்லை.

பிறகு கொழும்பிலிருந்து துரை ஒரு மூன்றாவது கியர் வரவழைத்துக் கொடுத்தார், மிஷினைப் பழையபடி ஒழுங்காக்கச் சொல்லி. நானும் முனியாண்டி அண்ணனும் அளந்து பார்த்து, அளவு சேரவில்லை என்று ஒரே குரலில் சொன்னோம். அது ஷெட்டில் மிஷினின் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க மிகவும் அளவாக இருந்தது.

இளம் ஃபிட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடைசி போல்ட்டை இறுக்குவதற்கு முன் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டுச் சாக்கட்டியால் அம்பு போடுங்கள். நான் அன்றிலிருந்து எல்லாவற்றிலும் அம்பு போட்டேன். தண்ணீர்க் குழாயில், கதவில், ஒரு தடவை டீமேக்கர் ஐயாவின் நாற்காலியிலும். நிரந்தர வேலை தருகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில் என்று கேட்டுவிட்டுச் சந்தோஷப்படுங்கள்.

மற்றபடி, ஷெட்டில் இருந்த காலமெல்லாம் விடிந்ததும் எனக்கும் முனியாண்டி அண்ணனுக்கும் அந்தக் கைப்பிடிக்காகத்தான் சண்டை.

"நீ ஃபிட்டருடா. ஒனக்கு எதுக்கு இந்த நடை?"

"இன்ஜின் சத்தம் சரியா இருக்கானு கேக்கணும்ணே."

"சத்தத்தக் காதால கேளு. வயித்த ஏன்டா கொண்டாந்து வைக்கிற?"