அப்பா பேருக்கு ஒரு பாக்கெட்

எங்கள் எஸ்டேட்டில் எதைக் கொடுத்தாலும் பேருக்குத்தான் கொடுப்பார்கள். கம்பளி என்றால் பேருக்கு ஒன்று. பண்டிகைக்குத் தேயிலைத்தூள் என்றால் பேருக்கு ஒரு பொட்டலம். பேர் என்றால் ஆபீஸ் செக்ரோலில் பதிந்த தொழிலாளியின் பேர். கூப்பிட்டதும் அந்த ஆளோ, அவர் வீட்டிலிருந்து வேறு யாரோ போய்க் கை நீட்ட வேண்டும். ஒரு தடவை வாங்காமல் விட்டால், அடுத்த தடவை, "வேண்டாம்னு விட்ட ஆளுதானே" என்று கிளார்க் பேனாவை மூடிவிடுவார். அதனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எதையும் வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் யாருக்கும் கிடையாது. வேண்டுமா வேண்டாமா என்பதை வாங்கி வந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொள்வோம்.

சிகரெட் கம்பெனி வேன் எங்கள் மலைக்கு வந்தது பதினைந்து வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளின் ஆரம்பத்தில். நான் அப்போது நாலாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏலப்பாறை ரோட்டிலிருந்து ஏறி வந்து, தினமும் ஆள் எண்ணி வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக்களத்தில் நின்றது. மஞ்சள் வேன். தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு படம்: கம்பளிச் சட்டை போட்ட வாலிபன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி, விரலிடுக்கில் சிகரெட்டோடு, எங்கள் எல்லோரையும் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் ஆண்கள் எல்லாம் பீடிக்காரர்கள். சிகரெட் என்பது துரைக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் உரிய பொருள். பெரிய பையன்கள் வேனை மூன்று தரம் சுற்றி வந்தார்கள். என் அண்ணன் நாலு தரம் சுற்றினான்.

வேன்காரர் கோட்டயம் பக்கத்து மலையாளி. கையில் தமிழில் அச்சடித்த நோட்டீஸ் இருந்தது, படிக்கத்தான் தெரியவில்லை. "தமிழ் வாயிக்கான் அறியுந்த பிள்ளை ஆருண்டு?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது. வகுப்பில் வாத்தியார் கேள்வியை முடிக்கும் முன்பே தூக்கித் தூக்கிப் பழகிய கை.

மைக்கை வாயருகே பிடித்து வாசித்தேன். "குளிருக்குத் துணை! உழைப்புக்குத் தெம்பு! வளரும் வாலிபருக்கு வெற்றிப் புகை!" எதிர்மலை அதை வாங்கி எனக்கே திருப்பிச் சொன்னது. என் குரல் அத்தனை பெரியது என்று அதுவரை எனக்குத் தெரியாது. வேன்காரருக்கும் சந்தோஷம். "மோளே, வாலிபர்னு சொல்லும்போ கொஞ்சம் சிரிச்சு சொல்லணும்" என்றார். சிரித்துச் சொன்னேன். மலையும் சிரித்தது போல இருந்தது.

அடுத்து இலவசம். வேன்காரர் கூட்டத்துக்குள் புகுந்து கொடுக்கலாம் என்று நினைத்திருந்தார். கங்காணி விடவில்லை. விசிலை ஊதினார். அவ்வளவுதான், களத்தில் நின்ற ஜனம் முழுவதும் பெரட்டு வரிசையாகிவிட்டது. ஆபீஸ் விநியோகம் போலவே பேர் கூப்பிட ஆரம்பித்தார். இத்தனை ஒழுங்கான கூட்டத்தை வேன்காரர் எந்த ஊரிலும் பார்த்திருக்க மாட்டார்.

அப்பாவுக்கு அன்று பாக்டரியில் ஞாயிறு ஷிப்ட். விசில் சத்தம் கேட்டு அம்மா பாத்திரம் துலக்கிய கையோடு ஓடி வந்தாள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா பீடி குடிக்க வேண்டுமானால் லயத்தின் கடைசி வீடு தாண்டிப் போய்த்தான் குடிக்க வேண்டும். அண்ணனுக்காக அம்மா போட்ட சட்டம் அது. அண்ணனுக்குப் பதினாலு வயது, எட்டாவது படித்தான். மழை பிடித்துவிட்டால் அவன் நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி கத்தும். அம்மா தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிப் போட்டு அந்தப் பூனையை அடக்குவாள். இவன் பேர் மட்டும் செக்ரோலில் ஏறக்கூடாது, படித்துக் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது அவளுடைய வேண்டுதல்.

"ஏலே, அப்பா பேரக் கூப்புடப் போறாக. போயி நின்னு வாங்கிட்டு வா" என்றாள் அண்ணனிடம்.

"எம்மா, அது சிகரெட்டும்மா."

"என்ன எழவா இருந்தா என்ன? குடிக்கவா சொன்னேன்? வாங்கி வைடா. இப்ப விட்டா, அடுத்து கம்பளி குடுக்கையில ஒங்கப்பன் பேரு இருக்காது."

வேன்காரரிடம் வேறொரு சட்டம் இருந்தது. பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரே ஒரு சிகரெட், அதோடு சரி. மீசை முளைக்கிற, முளைக்கப்போகிற பையன்களுக்கு முழுப் பாக்கெட். ஆனால் அங்கேயே நின்று ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். எனக்கு இது அநியாயமாகப் பட்டது. எத்தனை வருஷமாகப் புகை பிடிக்கிற பெரியவர்கள்! மைக்கைப் பொத்திக்கொண்டு அவரிடமே கேட்டேன்.

"அவரு பீடி விடத்தில்லா மோளே. கொடுத்திட்டு காரியமில்லா" என்றார். பெரியவர்கள் பீடியை விடமாட்டார்களாம், கொடுத்துப் பயனில்லையாம்.

கங்காணி அப்பா பேரைக் கூப்பிட்டார். அண்ணன் போய் நின்றான். வேன்காரர் அவன் மேலுதட்டைப் பார்த்தார், தோளில் தட்டினார், பாக்கெட்டை உடைத்து ஒன்றை அவன் வாயில் தானே வைத்து, லைட்டரை நீட்டினார். அண்ணன் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

பெண்கள் பக்கம் நின்ற அம்மாவின் முகம் ஒரு நிமிஷம் என்னவோ போலானது. அவளுக்குப் பற்றவைக்கிற சட்டம் தெரியாது. ஒரு அடி முன்னால் வந்தாள். அதற்குள் வரிசையில் பின்னால் நின்றவன், "என்னல, அப்பன் பங்க விட்டுட்டுப் போறியா? இங்க தள்ளு, ஒனக்கும் சேத்து நானே ஊதுறேன்" என்றான். களமே சிரித்தது. அம்மா நின்றுவிட்டாள். பிறகு கையை அசைத்தாள். வாங்கிக்கொள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இதைவிடப் பொருத்தமான சமயம் கிடைக்காது. மைக்கில் சொன்னேன், சிரித்தபடியே: "வளரும் வாலிபருக்கு வெற்றிப் புகை!"

அண்ணன் இழுத்தான். இரண்டாக மடிந்து இருமினான். பூனைக்குட்டி கத்தியது, எனக்கே கேட்டது. ஜனம் கைதட்டியது. வேன்காரர் அவன் முதுகை நீவி, மெதுவாக இழுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் பள்ளியில்கூட யாரும் அவனுக்கு அத்தனை பொறுமையாக எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. நோட்டில் எழுதப் பேர் கேட்டார். அப்பா பேரைச் சொல்ல வேண்டியவன், தன் பேரைச் சொன்னான்.

அம்மா பாக்கெட்டைத் தகரப் பெட்டியில் கம்பளிக்கு அடியில் வைத்தாள். அப்பா வந்து ஒன்றைக் குடித்துப் பார்த்து, "சும்மா காத்த ஊதுன மாதிரி இருக்கு" என்று பீடிக்கே திரும்பிவிட்டார். சில நாள் கழித்து அம்மா பெட்டியைத் திறந்தபோது பாக்கெட் காலி. நான் தொடவில்லை என்றார் அப்பா. அண்ணனிடம் அம்மா கேட்கவே இல்லை. கேட்டால், யார் போய் நிற்கச் சொன்னது என்று அவன் திருப்பிக் கேட்டுவிடுவான் என்ற பயம். அந்தப் பயம் அவளுக்கு இன்றைக்கும் இருக்கிறது.

அண்ணன் பத்தாவதில் தவறி, செக்ரோலில் ஏறினான். இன்னும் முப்பது ஆகவில்லை. மேல்மலைத் தேயிலைக் காட்டுக்கு ஏறும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறான். உடனே நிறுத்தாவிட்டால் தாங்காது என்று டிஸ்பென்சரியில் சொல்லிவிட்டார்கள். கீழே போய்ப் படித்தவள் நான்தானே. போன லீவுக்கு வந்தபோது நுரையீரலைப் படம் வரைந்து, பெயர் குறித்து, அவன் முன்னால் விரித்து ஒரு மணி நேரம் விளக்கினேன். கடைசி வரை கேட்டான்.

"நல்லாச் சொல்றட்டி. அன்னைக்கு மைக்குலயும் இப்படித்தான் கணீர்னு சொன்ன" என்றான்.

கேலி இல்லை. மனமாரப் பாராட்டினான். பிறகு எழுந்து வெளியே போனான், தீப்பெட்டியோடு.

முதலில் வந்த அந்த வருஷமே வேன் இன்னும் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் நானே வாசித்தேன். அப்புறம் வரவில்லை. பஸ் ஸ்டாப் டீக்கடையில் அதே சிகரெட் சில்லறையில் கிடைக்க ஆரம்பித்திருந்தது. பையன்கள் சாயங்காலம் அங்கேதான் நின்றார்கள். நான் மட்டும் ஞாயிறுதோறும் களத்துக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாசிப்பில் ஏதோ குறை, அதனால்தான் வேறு எஸ்டேட்டில் வேறு பிள்ளையைப் பிடித்துவிட்டார்கள் என்று தோன்றி அழுகை வந்தது. வந்த வேலை முடிந்தால் வேன் எதற்கு வர வேண்டும் என்று யோசிக்க எனக்குத் தெரியவில்லை. நோட்டீஸை எடுத்துவைத்துக்கொண்டு, லயத்துக்குப் பின்னால் நின்று தினமும் சத்தமாகப் பழகினேன். அம்மா கண்ணில் படாமலிருக்க அண்ணனும் அங்கேதான் வந்து உட்காருவான். புகையை விட்டபடி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இன்னுங் கொஞ்சம் சிரிச்சுச் சொல்லுட்டி" என்பான். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.