டாக்டரம்மா முன்னால் வாத்துகளைக் கூப்பிட்டேன்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, குறுவை அறுப்பு முடிந்த சமயம். திருவையாறு பக்கத்து வயல்களில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தேன். கூடவே காவலுக்கு வரும் என் நாய், வாய்க்கால் மதகிலிருந்து தவறி விழுந்தது. பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டன. நரி வந்தால் குரைக்க எனக்கிருந்த ஒரே துணை அதுதான்.

இடுப்பில் சூடு போட்டால் எழுந்துவிடும் என்று மச்சான் கம்பியைக் காயவைக்கக் கிளம்பினார். எங்கள் பக்கம் நொண்டுகிற மாட்டுக்கு அப்படித்தான் செய்வார்கள். எனக்கு எதிர்த்துப் பேச வராது. அவர் திரும்புவதற்குள் நாயைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டேன்.

தஞ்சாவூரில் கால்நடை டாக்டரம்மா ஒருவர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, நரம்பில் அடி என்றார். மாத்திரையோடு, சீன வைத்தியப்படி முதுகில் மெல்லிய ஊசிகள் குத்திப் பார்க்கலாம். ஆனால் உறுதி சொல்ல முடியாது, நாயும் அசையாமல் படுக்க வேண்டும் என்றார்.

அது எங்கே படுத்தது? பிடித்து அழுத்தினால் இன்னும் திமிறியது.

"இப்படித் துள்ளுனா ஊசி வளைஞ்சிரும்ணே. விட்டுரலாமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

எனக்கு ஒரு வழி தெரியும். வாத்துகளை நெல்லுக்குக் கூப்பிடும்போது நாய் நடமாடினால் அவை மிரளும். அதனால் என் கூப்பாடு கேட்டதுமே வரப்பில் படுத்துக்கொள்ளப் பழக்கியிருந்தேன். ஆனால் சுற்றிலும் பட்டணத்து ஆட்கள். பந்தியில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கவே கூச்சப்படுகிறவன் நான்.

கண்ணை மூடிக்கொண்டு, "பா... பாபாபா... பாக் பாக் பாக்" என்று கத்தினேன். நாய் தாடையை மேசையில் வைத்து அப்படியே படுத்துவிட்டது.

"இங்க வாத்துக்கும் பாப்பாங்களா?" என்று வெளியே காத்திருந்த ஒரு அம்மா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். என் குரல் இறங்கியது.

"நிறுத்தாதீங்கண்ணே, நல்லா கூப்பிடுங்க" என்றார் டாக்டரம்மா. ஊசிகளை எடுக்கும்வரை கூப்பிட்டேன்.

வாராவாரம் போனோம். "என்ன மாப்ள, நாயத் தச்சு முடிச்சாச்சா?" என்று மச்சான் கேலி செய்தபடி இருந்தார். குறுவைக்கு அடுத்த தாளடி நடவு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், நாய் நாலு காலில் ஆடி ஆடி நிற்கிறது என்று ஓடிவந்து சொன்னவரும் அவர்தான்.

எழுப்பியது மாத்திரையா ஊசியா என்று டாக்டரம்மாவே பிரித்துச் சொல்லவில்லை. எனக்கும் அது பெரிதில்லை. அந்த அறையில் அப்படிக் கத்திய பிறகு, எங்கே போனாலும் எனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன். யாராவது சிரித்தால் சேர்ந்து சிரிக்கவும் முடிகிறது.