அருவிக்குப் போகும் பாதை

அம்மா பொய் சொல்லி நான் முதன்முதலாகக் கேட்டது ஒகேனக்கல்லில், புரட்டாசி மாதத்தில், காலை பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு மனிதரிடம்.

எனக்கு அப்போது எட்டு வயது. பென்னாகரத்துப் பக்கம் எங்களுக்கிருந்த மானாவாரி நிலம் இரண்டு வருஷம் மழையில்லாமல் கிடந்ததில், அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தன் தம்பியிடம், ஒகேனக்கல்லுக்கு வந்து சேர்ந்தாள். மாமா பரிசல் ஓட்டினார். அம்மா ஆற்றங்கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, குளிக்க வருகிறவர்களுக்குச் சோறும் மீன் குழம்பும் ஆக்கிப் போட்டாள்.

முந்தின வாரம்தான் குளிக்க வந்த ஒரு பெண்ணின் தங்கச் சங்கிலி துணிமூட்டையோடு காணாமல் போயிருந்தது. அதிலிருந்து தனியாக வருகிற ஆளை எல்லோரும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். நான் எல்லோரையுமே அப்படித்தான் பார்த்தேன்.

அந்த மனிதர் சலவை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு வந்தார். கையில் பை இல்லை, எண்ணெய்ப் புட்டி இல்லை, துவட்ட ஒரு துண்டுகூட இல்லை. ஒகேனக்கல்லுக்கு அப்படி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. நேராக எங்கள் கொட்டகைக்கு வந்து, "பெரிய அருவிக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டார்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தப் பக்கம் போவ முடியாதுங்கண்ணா. மரம் சாஞ்சு வழிய அடைச்சிக்கிச்சு" என்றாள்.

அன்று காலையில்தான் அந்தப் பாதையில் போய் நான் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்திருந்தேன். மரமும் சாயவில்லை, ஒன்றும் சாயவில்லை. சொல்ல வாயெடுத்தேன். அம்மா பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள், பொய் சொன்னால் வாயில் மிளகாயைத் தேய்ப்பேன் என்கிறவள், கண்ணெதிரே பொய் சொல்கிறாள் என்றால் ஆள் சாதாரணமானவராக இருக்க முடியாது. சங்கிலித் திருடன்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

"சாப்புட்டுட்டுப் போங்கண்ணா."

"பசியில்லைங்க."

"பசிக்காட்டி என்னா, உக்காருங்க. மீனு வெந்துக்கிட்டிருக்குது."

சொல்லிக்கொண்டே எரிகிற விறகை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துப் போட்டாள். பிறகு கரைக்கு ஓடி மாமாவிடம் ஏதோ கிசுகிசுத்தாள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்க சார், மீனு வேவறதுக்குள்ள ஊரைச் சுத்திக் காட்டிப்புடறேன்."

"எனக்கு ஒண்ணும் பாக்க வேணாங்க."

"இவ்ளோ தூரம் வந்துட்டு பாக்காம போனீங்கன்னா எங்களுக்குத்தான் அசிங்கம்."

கூலி பேசாமல் மாமா பரிசலைத் தண்ணீரில் இறக்கி நான் பார்த்ததே இல்லை. அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "நீயும் போ. அவரு கையப் புடிச்சிக்க. என்னா ஆனாலும் உட்டுடாத" என்று காதில் சொன்னாள். திருடன் கையையா என்று பின்வாங்கினேன். ஆனால் இவ்வளவு பெரிய வேலையை என்னை நம்பி யாரும் அதுவரை கொடுத்ததில்லை. போய் அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தது.

வழக்கமாக மாமா வெளியூர்க்காரர்களைக் கீழ்ப்பக்கம், இரண்டு புறமும் சுவர்போலப் பாறை எழும்பி நிற்கிற பள்ளத்தாக்குக்குள்தான் கூட்டிப்போவார். அன்று மேற்புறம், தண்ணீர் இடுப்பளவே ஓடுகிற இடத்துக்குத் துடுப்புப் போட்டார். போட்டபடி ஊர்ச் சரித்திரத்தை ஆரம்பித்தார்.

"ஹொகேன்னா கன்னடத்துல பொகைங்க சார். கல்லுன்னா நம்ம கல்லுதான். அந்தாண்ட கரை மைசூர் ராஜ்யம், இந்தாண்ட நம்முது. ஆத்துக்கு ரெண்டு பாஷையும் தெரியும். இந்தப் பாறை இருக்குதே, ஹைதர் அலி குதிரையக் கட்டுன எடம்."

முந்தின நாள் சேலத்துக்காரர்களிடம் சொன்னபோது அதே பாறையில் ஒரு முனிவர் தவம் செய்திருந்தார். அடுத்த குகையிலிருந்து மேட்டூருக்குச் சுரங்கம் போனது. அதற்கடுத்த மடுவில் கன்றுக்குட்டியை விழுங்கிய வாளைமீன் இருந்தது. மருதமரம், தேன்கூடு, குரங்கு எதையும் மாமா விட்டுவைக்கவில்லை. அந்த மனிதர் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஆறு பாறைப் பிளவுக்குள் இறங்கிக் காணாமல் போகிற திசையில், மரங்களுக்கு மேலே புகை போல நீர்த்தூள் எழும்பிக்கொண்டிருந்தது. அவர் திரும்பித் திரும்பி அதையே பார்த்தார். அங்கே கூட்டாளி ஒளிந்திருக்கிறான் என்று எனக்குப் பட்டது. பிடியை இறுக்கினேன்.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். "பாப்பா, உங்க மாமா சொல்றதெல்லாம் நெசமா?" என்று கேட்டார்.

"எல்லாம் பொய்" என்றேன்.

அவர் சிரித்தார். சத்தமாக, தோள் குலுங்கச் சிரித்தார். குலுங்கல் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது அழுகையாக மாறிவிட்டது. மாட்டிக்கொண்ட திருடன் அழத்தானே செய்வான் என்று நினைத்தேன். மாமா துடுப்பை நிறுத்திவிட்டார். பரிசல் மெல்லத் தானாகச் சுற்றியது.

"அழுங்க சார். இங்க யாரு பாக்கறாங்க" என்றார்.

"வூட்டுக்குப் போக மூஞ்சி இல்லப்பா எனக்கு."

"மூஞ்சியெல்லாம் அப்பறம் பாத்துக்கலாங்க. மொதல்ல சோறு."

கொட்டகைக்குத் திரும்பியபோதுதான் அம்மா அடுப்பை மறுபடி மூட்டினாள். எதிரே உட்கார்ந்து அவருக்குப் பரிமாறினாள். இரண்டு நாளாகச் சாப்பிடாதவரைப் போல அவர் சாப்பிட்டார். சாயங்காலம் பஸ் வந்ததும் மாமாவும் அவரோடு ஏறிக்கொண்டார். சட்டை போட்டுக்கொண்டு வரக்கூட வீட்டுக்குப் போகவில்லை. தோளில் ஈரத்துண்டோடு அப்படியே போய்விட்டார்.

மாமா இதைப் பற்றி என்னிடம் வாய் திறந்தது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகுதான். எங்கள் ஊருக்கு அருவி பார்க்க வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகவில்லை. அதைக் குழந்தைகளின் காதுபட யாரும் பேசமாட்டார்கள். அந்த மனிதர் வந்ததற்கு முந்தின வருஷம் ஒரு பெண் அதே போல வெறுங்கையோடு எங்கள் கொட்டகைக்கு வந்து வழி கேட்டிருக்கிறாள். அம்மா அடுப்பு வேலை மும்முரத்தில், தலையைக்கூட நிமிர்த்தாமல், கரண்டியால் பாதையைக் காட்டியிருக்கிறாள். மறுநாள் கீழே, பள்ளத்தாக்கு முடிகிற இடத்திலிருந்து அந்தப் பெண்ணின் உடலைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு வந்தது மாமா.

இதெல்லாம் தெரியாத எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. திருடனைப் பிடித்துக் கொடுத்ததற்கு என்ன தருவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மத்தியானம் மாமா பஸ்ஸிலிருந்து யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு இறங்கினார். அம்மா எழுந்து நின்றாள்.

"ஒப்படைச்சிட்டேன்க்கா" என்றார் மாமா. எனக்குப் பெருமையாக இருந்தது. "அவரு சம்சாரத்துக்கிட்டயே ஒப்படைச்சிட்டேன். வாசல்லயே நின்னுக்கிட்டிருந்துச்சு, பாவம். உன்னைப் பாக்க வரணும்னுச்சு."

அம்மா அப்படியே அடுப்பங்கரையில் உட்கார்ந்து, சிலுவை போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. நாளெல்லாம் பயந்து பயந்து நான் பிடித்துவைத்திருந்த திருடனைக் கொண்டுபோய் அவன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்! போலீஸ் ஸ்டேஷனுக்கு ஏன் போகவில்லை என்று மாமாவிடம் சண்டை போட எழுந்தேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டு அணைத்துக்கொண்டாள். நான் திமிறினேன். அவள் விடவில்லை.