கை வாசம்

ஏழாம் மாதத்திலிருந்து வீட்டுக்கே வந்து எனக்குப் பிரசவமும் பார்த்த நர்ஸம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. பிள்ளையைத் தூக்க யார் வந்தாலும் முதலில் அவர்கள் கைகளை முகர்ந்து பார்ப்பார். பட்டாசு மருந்து வாசம் அடித்தால் கழுவ அனுப்பிவிடுவார்.

தீபாவளி ஆர்டருக்காக என் கணவர் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்திருந்த எங்கள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து வெடித்து நாலு பெண்கள் செத்துப்போனார்கள். அன்று சாயங்காலம் அவர் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்க வந்தார். நர்ஸம்மா அவர் கைகளை முகர்ந்தார்.

“இன்னொரு தடவ கழுவிட்டு வாங்கய்யா.”

மூன்று முறை கழுவிவிட்டு வந்தார்.

“சோப்பு வாசந்தானம்மா வருது.”

“இன்னும் போகலய்யா.”

பிள்ளையை என் மடியில் கிடத்திவிட்டு நர்ஸம்மா கிளம்பிவிட்டார். பிறகு நானும் அந்தக் கைகளை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம்தான். ஆனாலும் பிள்ளையை நான் கொடுக்கவில்லை.