காட்டுக்கோழி வயிற்றில் மாட்டுப்புழு

சென்னியம்மாள் கல்யாணத்தன்று மணவறையை விட்டு இறங்கியதும் முதலில் தேடியது விளக்குமாற்றைத்தான் என்று சேந்தமங்கலத்துப் பக்கம் சொல்வார்கள். கீழே அட்சதை சிதறிக் கிடந்ததாம், பார்க்கப் பொறுக்கவில்லையாம். ஊர் வாய் கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்திருக்கும். ஆனாலும் அவள் வீட்டில் விருந்துண்டவர்களைக் கேட்டால் முழுப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். கை கழுவ எழுந்தவர் திரும்பிப் பார்ப்பதற்குள் இலை போயிருக்கும், இடம் மெழுகியிருக்கும், அசந்தால் அவரையும் மெழுகிவிடுவாள்.

அவள் புருஷன் நாச்சிமுத்து நாமக்கல்லில் லாரி ஓட்டினான். வாரத்தில் பாதி நாள் ரோட்டில். "எம்பொண்டாட்டிக்கு பயந்துதானுங்க பம்பாய் லோடு ஏத்தறேன்" என்று சங்ககிரி டீக்கடைகளில் அவன் சொன்னது மெல்ல மெல்ல ஊருக்கும் வந்து சேர்ந்தது. அவள் கோபப்படவில்லை. "லாரியைக் கழுவிட்டு ஊட்டுக்குள்ள வரச் சொல்லுங்க" என்றாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. கிணறு வற்றி, காடு தரிசாகக் கிடந்தபோது, கொல்லிமலை அடிவாரத்தில் வனத்துறை போட்டிருந்த கம்பிவலைக் கொட்டகையில் ஆள் வேண்டுமென்றார்கள். தீனி வைக்க வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், கூட்டிப் பெருக்க வேண்டும். கூட்டிப் பெருக்குவதற்குக் கூலி கொடுக்கிற உத்தியோகம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

கொட்டகையில் இருந்தவை மலைக் காட்டுக்கோழிகள். ஒரு சேவல், ஐந்து பெட்டை. சேவலின் கழுத்து இறகில் மெழுகு சொட்டியது போல மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அந்த இறகைத் தூண்டில் முள்ளில் பூச்சி போலக் கட்டி வெளிநாட்டில் மீன் பிடிக்கிறார்களாம். எவனோ எங்கோ மீன் பிடிக்க இங்கே மலையையே துடைத்துவிட்டார்கள். விடிந்தால் எல்லாப் பக்கமும் சேவல் கூவிய மலையில் ஒன்றிரண்டு குரல்தான் மிச்சம். கண்ணி வைத்தவர்களிடமிருந்து சாக்கோடு பிடுங்கி வந்தவை இந்த ஆறும்.

வந்தபோது அவை கோழியாகவே இல்லை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்தியது. வயிறு பூராவும் புழு. கால்நடை டாக்டர் அர்த்தநாரி, திருச்செங்கோட்டுக்காரர், கல்யாணமாகாத இளவட்டம், எச்சத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். அலகைத் திறந்து மருந்து புகட்டும் வேலை சென்னியம்மாள் கைக்கு வந்தது. கொத்தின, கீறின, ஒரு பெட்டை அவள் மூக்குத்தியையே பிடுங்கப் பார்த்தது. "குடி சாமி, கசப்புத்தான் சாமி, எங்கண்ணல்ல" என்று பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லாத கொஞ்சலெல்லாம் சொல்லிப் புகட்டினாள்.

மெல்லத் தேறின. தேறியதும் சேவல் தினமும் மலையைப் பார்த்து நின்று கூவத் தொடங்கியது. மேலேயிருந்து எப்போதாவது ஒரு பதில் வரும். உடனே இது கம்பிவலையில் போய் மோதும், கொண்டையில் ரத்தம் வரும், அவள் மஞ்சள் வைப்பாள். அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரே ஆசை வந்துவிட்டது. இதுகள் மலையேற வேண்டும்.

அதற்கு வனத்துறையின் நிபந்தனை ஒன்று இருந்தது. வயிற்றில் புழு இல்லையென்று டாக்டர் எழுதினால் மலை. இருக்கிறதென்றால் மலைக்கு விட முடியாது, மேலே மிச்சமிருக்கும் கோழிகளுக்கும் தொற்றிவிடும். தூரத்து நகரத்து மிருகக்காட்சி சாலை வேன் அனுப்பத் தயாராக இருந்தது. அங்கே போனால் சாகும்வரை கூண்டுதான்.

கடைசிச் சோதனைக்கு முந்தின நாள் டாக்டர் அவளிடம் படித்துப் படித்துச் சொன்னார். "சென்னியக்கா, நாளைக்குக் காலையில கூட்டிராதீங்க. விடியற்காலம் போட்ட எச்சம் அப்படியே கெடக்கோணும். பயணம் போறதுக, தீனியும் வெக்க வேண்டாம்."

"ஆகட்டுமுங்க" என்றாள்.

சொன்ன சொல் தவறவில்லை. காலையில் விளக்குமாற்றைத் தொடவேயில்லை. கை நமைச்சல் தாங்காமல் இடுப்பில் முந்தானையை இறுக்கிச் செருகி, இளம்பிள்ளைத் தறியில் நெய்த புதுச்சேலை கசங்காமல், வாசலில் நின்றாள். வேனும் வந்து நின்றது. டிரைவர் வெயிலுக்கு முன்னால் கிளம்ப வேண்டுமென்று அப்போதே முனகினான்.

டாக்டர் எச்சத்தைச் சுரண்டி எடுத்தார், கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைத்தார், குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"முட்டை இருக்குது" என்றார்.

சென்னியம்மாள் வேனைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரோ மறுபடி குனிந்தார். வேறு எச்சம் எடுத்தார். மறுபடி குனிந்தார். அவர் முகம் கவலையிலிருந்து குழப்பத்துக்கும், குழப்பத்திலிருந்து ஒரு மாதிரி ஆனந்தத்துக்கும் போனது.

"அக்கா! இது கோழிப்புழுவே இல்லீங்க! மாட்டு வயித்துல இருக்கற தட்டைப்புழுவோட முட்டை! காட்டுக்கோழிக்கு மாட்டுப்புழு! உலகத்துல ஒருத்தனும் பார்த்திருக்க மாட்டான்!" என்று கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தன் பேர் பெரிய புத்தகங்களில் அச்சாவதை அவர் அந்த நடையிலேயே வாசித்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. வேன் டிரைவர் கதவைத் திறந்து கூண்டை இறக்கினான்.

சென்னியம்மாள் மட்டும் அசையவில்லை. மாடு என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டருங்க... காலையில கூட்டலீங்க."

"தெரியுமே."

"நேத்துப் பொழுது சாயத்தான் கூட்டினனுங்க. கூட்டிட்டு... எங்க மாட்டுச் சாணி கொண்டாந்து தரையை மொழுகி உட்டனுங்க."

டாக்டர் நடந்த இடத்திலேயே நின்றார்.

"மொழுகினீங்களா?"

"பொண்ண அனுப்பற ஊட்டுல தரை மொழுகாம உடலாமுங்களா? நாலு பேரு வாரீங்க. கோலங்கூடப் போடலாம்னு பார்த்தேன், கோழி கொத்திருமேன்னு உட்டுட்டேன்."

டாக்டர் மண்டியிட்டுத் தரையைப் பார்த்தார். அழகாக, அரைவட்டம் அரைவட்டமாக, விரல் தடம் தெரிய மெழுகியிருந்தது. தன் பெரிய புத்தகப் பெயர் அந்த மெழுகலிலேயே போய்விட்டதைக் கண்டு அவர் முதலில் பெருமூச்சு விட்டார். பிறகு சிரித்தார், உட்கார்ந்து சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார்.

"அப்ப புழு உங்க மாட்டுக்குத்தாங்க. அதை நாளைக்குப் பார்க்கறேன். இப்பத் தரையில படாத எச்சம் வேணும். கொஞ்சமாச்சும். இல்லீன்னா முட்டையைப் பார்த்தேன்னு எழுதறதைத் தவிர எனக்கு வழியில்லை."

அங்கேதான் வந்தது வினை. விடிந்ததிலிருந்து தீனி இல்லை. ஆறும் உத்தரத்துக் கம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, வயிற்றில் ஒன்றுமில்லாத கம்பீரத்தோடு. டாக்டர் காகிதம் விரித்தார். காகிதம் சலசலத்ததும் எல்லாம் அந்த மூலைக்குப் பறந்தன. அங்கே விரித்தார். இந்த மூலைக்கு வந்தன. டாக்டர் காகிதத்தோடு முன்னால், கொட்டகைக் காவலாளி பின்னால், வேன் டிரைவர் வாசலில் நின்று "ஏனுங்க, இதுக்கெல்லாமா காத்திருக்கறது" என்று வானத்தைப் பார்த்தான். ஆறு மாதமாக எச்சம் எச்சம் என்று அலுத்தவள் ஒரு சொட்டு எச்சத்துக்குத் தவித்து நின்றாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவதென்று தெரியவில்லை.

"எல்லாரும் வெளிய போங்க சாமி" என்றாள்.

போனார்கள். அவள் கம்புக்கு நேர் கீழே போய் நின்றாள். முந்தானையை உருவி இரண்டு கையாலும் விரித்தாள். மாரியம்மன் கோயிலில் மடிப்பிச்சை கேட்கிற மாதிரி ஏந்தினாள். கோயிலில் பிள்ளை கேட்பார்கள், மழை கேட்பார்கள். இவள் கேட்டது வேறு.

"போடு சாமி. உனக்குக் கசப்பு மருந்து குடுத்தவ கேக்கறேன். புதுச்சேலைதான், பரவால்ல, போடு."

சேவல் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. இறகை உதறியது. வாலைத் தூக்கியது.

சொத்தென்று விழுந்தது.

"உளுந்துருச்சுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் கோழிகள் மிரண்டன. மிரண்ட பெட்டைகளும் தங்கள் பங்குக்கு ஆளுக்கொரு சொட்டு வைத்தன. ஒன்று அவள் தலையில். முந்தானையைத் தாம்பூலத் தட்டு போல ஏந்திக்கொண்டு அவள் வெளியே நடந்து வந்தாள். கல்யாணத்தில்கூட அவள் அவ்வளவு பக்குவமாக நடந்ததில்லை.

டாக்டர் சேலையிலிருந்தும் தலையிலிருந்தும் சுரண்டினார், கரைத்தார், குனிந்தார். எல்லா எச்சத்தையும் பார்த்தார். சேவலுடையதை இரண்டு தரம் பார்த்தார். சென்னியம்மாள் முந்தானையை ஏந்தியபடியே நின்றாள்.

"ஒண்ணுமே இல்லீங்க அக்கா. மலைக்குப் போகலாம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேன் காலியாகத் திரும்பிப் போனது. அன்று சாயங்காலமே ஜீப்பில் மலைக்காட்டுக்குக் கொண்டுபோய்க் கூடையைத் திறந்தார்கள். ஆறும் திரும்பிப் பார்க்காமல் புதருக்குள் ஓடின. "நன்றி கெட்டதுக" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

நாச்சிமுத்து பம்பாயிலிருந்து வந்து கதை முழுதும் கேட்டான். அதற்குப் பிறகு டீக்கடைகளில் அவன் சொன்ன கதை மாறியது. "எம்பொண்டாட்டி சேலையில கோழி பேண்டு காடு பொழைச்சுதுங்க" என்பான்.

அடுத்த ஆடிப் பதினெட்டுக்கு இருவரும் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனார்கள். ஒற்றையடிப் பாதையில் போகும்போது சென்னியம்மாள் சட்டென்று நின்று குனிந்தாள். ஒரு பாறையின் மேல் எச்சம். கறுப்பு, நுனியில் சுண்ணாம்பு வைத்தது போல வெள்ளை. கெட்டியாக, சுத்தமாக. காட்டுக்கோழியுடையது. பக்கத்திலேயே சின்னச் சின்னதாக இன்னும் சில, குஞ்சுகள் போட்டவை.

"ஏம்புள்ள, கோயிலுக்கு வந்துட்டு இதென்ன, கையெடுத்துக் கும்புடற?" என்றான் நாச்சிமுத்து.

பக்கத்தில் விளக்குமாறு போலவே ஒரு காய்ந்த செடி கிடந்தது. அதைத் தொடாமல், அந்தப் பாறையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.