அத்தை சொன்ன கடைசி அத்தியாயம்

எழுபதுகளின் கடைசியில், நாங்கள் சாரம் பகுதியில் குடியிருந்தபோது, ஒரு கோடை விடுமுறையில் தெருப் படிப்பகத்தில் வாசிப்புப் போட்டி வைத்தார்கள். ஓர் அணிக்கு நாலு பிள்ளைகள். ஆளுக்கொரு வகைப் புத்தகம். பயணம், விஞ்ஞானம், நாடகம் மூன்றையும் மற்றவர்கள் பறித்துக்கொள்ள, யாரும் தொடாத நாலாவது வகை என் தலையில் விழுந்தது. படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவருக்கு ஒரு நாவலை முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும். மேடையேறிக் கதை சொல்ல வேண்டியவர் அவர்தான். மாற்றிச் சொன்னால் மதிப்பெண் போய்விடும். பரிசு ஒரு கேரம் பலகை. அதற்காக நான் அந்த வயதில் எதையும் செய்திருப்பேன்.

எனக்கு வாய்த்தவள் அத்தை, அப்பாவின் தங்கை. கடலூரில் அவள் புருஷனான மாமா வீட்டு மாடிப்படியில் விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டதாகச் சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை, கட்டோடு வீட்டு வேலையும் செய்ய முடியாது. இதைவிட நல்ல ஆள் கிடைக்காது என்று எனக்குப் பரம திருப்தி.

படிப்பகத்தில் கொடுத்த நாவலில் ஒருத்தி, புருஷனின் அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுகிறாள். மத்தியானங்களில் அம்மா கண்ணயர்ந்ததும் அதை வாசிப்பேன். அத்தை ஒரு ‘ம்’ கூடக் கொட்ட மாட்டாள். கேட்கிறாளா தூங்குகிறாளா என்று எனக்குச் சந்தேகம் வரும். சோதித்துப் பார்த்தால் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்வாள். கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் மனம் மாறி, புருஷன் காலில் விழுந்து, அவனோடு போய்விடுகிறாள்.

“இன்னொரு வாட்டி படி” என்றாள் அத்தை. படித்தேன்.

கட்டுப் பிரித்த அன்று மில்லிலிருந்து வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல், “கை தேறிடுச்சில்ல? ஞாயித்துக்கெழம மாப்ள வராரு. துணிமணிய எடுத்து வெச்சுக்க” என்றார். போட்டி சனிக்கிழமையே முடிந்துவிடும் என்பதால் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் அணியும் அடுத்த தெரு அணியும் சமமாக நின்றன. மிச்சம் இருந்தது அத்தை மட்டும். நடுவர், பிரெஞ்சுப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பிரெஞ்சில் ‘ஐயா’ என்பதுபோல எல்லோரும் அவரை முசே என்போம். மடியில் நாவலை விரித்து வைத்திருந்தார். அப்பா மில் சிநேகிதர்களோடு மூன்றாவது வரிசையில் இருந்தார்.

அத்தை முதலில் தட்டுத் தடுமாறித்தான் ஆரம்பித்தாள். நான் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தேன். பிறகு மெல்லப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் அடி வாங்கிய இடத்தில் கூடத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. முசே பக்கங்களைப் புரட்டித் தலையாட்டிக்கொண்டே வந்தார். கேரம் பலகை எங்கள் வீட்டுக்குள் பாதி நுழைந்துவிட்டது.

“புருஷங்காரன் கூப்பிட வந்தான். அவ போவல” என்று அத்தை முடித்தாள்.

முசே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “கடைசில போறாளேம்மா, புத்தகத்துல அப்படித்தான இருக்கு? நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க.”

“எழுதியிருக்குதுங்க. புள்ள ரெண்டு வாட்டி படிச்சுக் காட்டிச்சு. ஆனா அவ போவலீங்க.”

இரக்கப்பட்டு அவர் மறுபடியும் கேட்டார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தபடி, “போவ மாட்டா” என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் தோற்ற அவமானம் என்று நினைத்தேன்.

கேரம் பலகை அடுத்த தெருவுக்குப் போனது. அத்தை வேண்டுமென்றே கெடுத்துவிட்டாள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதேன். மறுநாள் மாமா வந்தார். அப்பா அவரை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. தெருமுனையிலேயே நிறுத்திப் பேசி, தனியாகக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினார். அத்தை இன்றோடு போய்த் தொலைவாள் என்றிருந்த எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

கடலூரில் மாமா வீட்டுக்கு நான் அதற்கு முந்தின பொங்கலுக்குப் போயிருக்கிறேன். ஓலைக் கூரை போட்ட ஒற்றை அறை. அதில் மாடிப்படி எங்கே இருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.