இட்லித் துணியில் விரிந்த சிறகு

நான் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் தேதியை முன்னால் போட்டுத்தான் பெயர் வைப்பேன். அதனால் அந்த ஆடி மாதத்துப் படங்களை இன்று வரிசையாகத் திறந்தாலும், எந்த இடத்தில் கதை மாறியது என்பது உடனே தெரிந்துவிடும். ஆடிப்பெருக்குக்கு முந்தைய நாள் வரை எல்லாப் படங்களிலும் பின்னணி இலைப்பச்சை. அதற்கு மறுநாளிலிருந்து பின்னணியில் ஒரு சமையலறை ஜன்னலின் கம்பிகள்.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் தெருவில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடம். பின்புறம் மோட்டார் அறையை ஒட்டி ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. அதை நட்டவர் இரண்டாம் மாடி அக்கா. கட்டடம் நிற்கும் மனையே அவர்கள் குடும்பத்தின் பழைய நெல்வயல்தான். பில்டருக்குக் கொடுத்துவிட்டு இரண்டு ஃபிளாட் வாங்கிக்கொண்டார்கள். செடி அக்காவுடையது என்றாலும் பறிக்கும் உரிமை எல்லா வீட்டுக்கும் உண்டு. வெள்ளைப் புள்ளி வரிசை வைத்த கறுப்பு வண்ணத்துப்பூச்சிகளும் அந்த உரிமையை எடுத்துக்கொண்டு அதில் முட்டையிடும்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் மேக்ரோ லென்ஸ் வாங்கியிருந்தேன். எவ்வளவு நெருங்குகிறோமோ அவ்வளவு நல்ல படம் என்று முதலில் நினைத்தேன். நெருங்க நெருங்க, தெளிவாக விழும் பகுதி ஒரு காகிதத்தின் தடிமனுக்குச் சுருங்கிவிடுகிறது. புழுவின் முகம் துல்லியமாக வந்தால் கால்கள் பனிமூட்டத்துக்குள் போய்விடும். அதன் உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு இணையாகக் கேமராவையும் சாய்க்க வேண்டும் என்பது பிடிபடவே பல மாதங்கள் ஆயின. பிறகு லென்ஸின் வளையத்தைத் திருகுவதை விட்டேன். மூச்சை வெளியே விட்டு, உடம்பையே ஒரு மயிரிழை முன்னால் சாய்த்து, கண் தெளிவாகும் நொடியில் அழுத்தப் பழகினேன். எல்லாவற்றுக்கும் மேலே காற்று. ஆடி மாதக் காற்றில் இலை ஆடும் ஆட்டம் லென்ஸுக்குள் பூகம்பமாகத் தெரியும். ஒரு குச்சியை மண்ணில் நட்டு, துணி காயப்போடும் கிளிப்பால் கிளையை அதோடு பிடித்துவைப்பேன்.

இந்தப் பாடுகளுக்கெல்லாம் கிடைத்த கூலி பெரிது. கடுகளவு மஞ்சள் முட்டை, லென்ஸ் வழியே மெருகேற்றிய முத்தாக நின்றது. குட்டிப் புழு பறவை எச்சம் போலவே கறுப்பும் வெள்ளையுமாக வேடம் போட்டிருந்தது. வளர்ந்ததும் இலைப்பச்சைக்கு மாறியது. கடைசியில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு நூலைத் தானே நூற்று, முதுகைச் சுற்றி மாட்டிக்கொண்டு, மின்கம்பம் ஏறுகிறவர் இடுப்புக் கயிற்றில் சாய்வது போலக் கிளையிலிருந்து சற்றே பின்னால் சாய்ந்து கூட்டுப்புழு ஆனது. அந்த நூலைப் படத்தில் முதலில் பார்த்த காலை, அலுவலகத்துக்குப் போகும் மின்ரயிலில் அதை மட்டுமே நினைத்துக்கொண்டு போனேன். இத்தனை மெல்லிய ஒன்றைக் கட்டிக்கொள்ள அதற்குச் சொல்லிக்கொடுத்தது எது?

நான் பார்க்காதது ஒன்றுதான், கூட்டிலிருந்து பூச்சி வெளியே வரும் கணம். முதல் முறை நான் அலுவலகத்தில் இருந்தபோது அது வந்து போய்விட்டது. திரும்பி வந்தால் வெறும் தோல். இரண்டாவது கூட்டைக் குளவி துளைத்திருந்தது. எனவே இந்த மூன்றாவதை விடிந்ததும் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடிப்பெருக்கு அன்று காலை போனபோது குச்சியும் கிளிப்பும் மட்டும் இருந்தன. செடியே பாதி மொட்டையாக நின்றது. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று அன்று எல்லா வீட்டிலும் சித்ரான்னம், எல்லாவற்றிலும் தாளிப்பு. முந்தைய மாலை நான் பார்த்துவிட்டுப் போன பிறகு யாரோ ஒடித்திருக்க வேண்டும். இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும், நாள்காட்டியைப் பார்த்து வாழ்கிறவன் நான்.

இரண்டாம் மாடிக்கு ஓடினேன். அக்கா எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார்.

"இன்னா சார், காலைலயே கேமராவோட வந்துகினு? இரு, புளிசோறு துண்ணுட்டு போ."

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். ஈரத்துணி சுற்றிய கறிவேப்பிலைக் கொத்துகளுக்கு நடுவே, சில்லிட்ட கிளையில், அந்த நூல் அறுபடாமல், கூட்டுப்புழு சாய்ந்திருந்தது. இத்தனை நாள் லென்ஸால் பார்த்த எனக்கே அது இலையா இல்லையா என்று ஒரு கணம் தடுமாறியது. உயிர் இருந்தால், தொட்டதும் வால்பக்கம் நெளியும். தொட்டேன். நெளியவில்லை.

குளிரில் சில பிழைக்கும், சில செத்துவிடும் என்று படித்திருந்தேன். இது எந்த வகை என்று தெரியவில்லை. அதை அப்படியே சொன்னேன். அக்கா பிழிந்த எலுமிச்சை மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இலைன்னு நெனச்சிகினு ஒடச்சிட்டேன் சார். நான் நட்ட செடில நானே ஒரு உசிர எடுத்துட்டனா? அதுவும் பெருக்கு அன்னிக்கு."

கிளையை என் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்றேன். அவர் விடவில்லை. பிழைப்பதோ போவதோ தன் கண் முன்னாலேயே நடக்கட்டும் என்றார். கிழக்கு வெயில் படும் சமையலறை ஜன்னல் கம்பியில், செடியில் இருந்த அதே சாய்வில், பூ கட்டும் நூலால் கிளையைக் கட்டினோம். ஹாலில் இருந்தபடியே அவர் கணவர், "ஃபிரிட்ஜ்ல வச்சி எடுத்துட்டு இப்போ ஐசியூ நடத்திகினு கீறா" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் ரயிலுக்கு முன்னால் அங்கே போனேன். அக்கா கேட்பது ஒரே கேள்வி: "உசிரு கீதா சார்?" எனக்குத் தெரியாது. அதே கோணத்தில் ஒரு படம் எடுப்பேன், முந்தைய நாள் படத்தோடு ஒப்பிடுவேன். அதே பச்சை. ஆனால் அது அழுகவும் இல்லை, கறுக்கவும் இல்லை. தாளிக்கும்போது புகை படக்கூடாது என்று அக்கா கிளைக்கு முன்னால் ஒரு தட்டை மறைப்பாக வைக்கத் தொடங்கியிருந்தார்.

பிறகு ஒரு காலை, கூட்டின் விளிம்பில் முந்தைய நாள் இல்லாத ஒரு நிழல். கேமராத் திரையில் பெரிதாக்கினேன். தோலுக்கு அடியில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன, திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ விளக்குகளை ஏற்றி வைத்தது போல. அக்காவிடம் காட்டினேன். அவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். விடிந்ததும் ஃபேனையும் எக்ஸாஸ்டையும் நிறுத்தினோம். கூடு முழுக்கக் கறுத்து, கண்ணாடி போல ஆகியிருந்தது. அந்தப் பளபளப்பில் ஃபிளாஷ் வெளிச்சம் வெள்ளைத் திட்டாகத் தெறித்தது. அதை மட்டுப்படுத்த நான் வைத்திருந்த காகிதம் புழுக்கத்தில் நமுத்துத் தொங்கியது. மெல்லிய வெள்ளைத் துணி ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். அக்கா துவைத்து மடித்த இட்லித் துணியை எடுத்து, ஃபிளாஷுக்கும் கூட்டுக்கும் நடுவே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். மேகமூட்டமான நாளின் வெளிச்சம் போல அது மிருதுவாக விழுந்தது.

கூடு முதுகுப்பக்கம் பிளந்தது. சத்தம் ஏதும் இல்லை. ஒரு தலை, பிறகு நனைந்த கால்கள். கசக்கிப் போட்ட காகிதம் போன்ற சிறகுகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்த பூச்சி, தொங்குவதற்கு இடம் தேடிக் கிளையில் ஏறியது. கால் நீட்டியது. காலுக்கு எட்டியது இட்லித் துணி. அதைப் பற்றிக்கொண்டு தொங்கிவிட்டது.

இனி துணி அசையக்கூடாது, சிறகு விரிந்து காயும் வரை. அக்காவின் கைகள் மெல்ல நடுங்கத் தொடங்கின. அப்போது அவர் கணவர் எழுந்து வந்தார். பனியன் முழுக்க வியர்வை. பின்னால் நின்று மனைவியின் முழங்கைகளைத் தாங்கிக்கொண்டார்.

நான் மூச்சை விட்டு, சாய்ந்து, அழுத்திக்கொண்டே இருந்தேன். திரையில் இட்லித் துணியின் நூல்கள் கப்பல் கயிறுகளாகத் தெரிந்தன. அவற்றில் கொக்கி போட்ட கால்கள். கசங்கிய சிறகுகளுக்குள் ஈரம் ஓடி, ஓரங்கள் நீவிவிட்டது போல் விரிந்தன. அவற்றின் மேல் ஓடு வேய்ந்தது போலச் செதில்கள். பிறகு முகத்துக்குப் போனேன். தேன் உறிஞ்சும் குழாய் இரண்டு தனித்தனி இழைகளாகப் பிரிந்து தொங்கியது. உடைந்துவிட்டது, குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். பூச்சி அந்த இரண்டு இழைகளையும் சுருட்டியது, நீட்டியது, மறுபடி சுருட்டியது. அடுத்தடுத்த படங்களில் அவை அடியிலிருந்து நுனி வரை ஒட்டிக்கொண்டே போயின. கடைசிப் படத்தில் ஒரே குழாய். எல்லா வண்ணத்துப்பூச்சியும் இப்படித்தான் இரண்டு பாதியாக வந்து, வந்த பிறகு தன்னைச் சேர்த்துக்கொள்கிறது என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று அந்தச் சமையலறையில் அது எங்களுக்காக மட்டுமே நடந்தது.

"இப்பவாச்சும் ஃபேனு போடலாமா?" என்று கணவர் கிசுகிசுத்தார்.

"இரு. காயட்டும்" என்றார் அக்கா.

கடைசியாக அது கூட்டுக்குள் சேர்ந்திருந்த கழிவைத் துணியில் செம்பழுப்பாக ஒரு சொட்டு விட்டது. சிறகை இரண்டு முறை திறந்து மூடியது. பிறகு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே புகுந்து, மோட்டார் அறைக்கு மேலே எழும்பி, மொட்டைச் செடியைத் தாண்டிப் போய்விட்டது.

அக்கா கைகளை இறக்கவில்லை. கணவரும் அவற்றை விடவில்லை. அது போன பிறகும் நெடுநேரம், ஃபேனைப் போட வேண்டும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.